இரவுக் கூட்டில் கோழிக்குத் தீனியும் தண்ணீரும்

கோயமுத்தூரிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையும் திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது அவிநாசிபாளையம். காலை ஏழு மணியளவில் அங்கு நின்று பார்ப்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பனியன் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கையில் சோற்றுப் பாத்திரத்துடன் பெண்கள் ஏறிச் செல்வர். அவர்கள் வீடு திரும்பும் வேளையில், ஒரு ஷிப்ட் வேலையாயின் பொழுது சாய்ந்திருக்கும். ஒன்றரை ஷிப்ட் ஆயின் இரவு ஒன்பது மணியாகியிருக்கும். கோழி வளர்ப்பைப் பற்றி எழுதப் புகுந்த நாம் வேன்களைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் எண்ணலாம். இவ்வட்டாரத்தில் கோழி எந்நேரம் தின்கிறது என்பதை இன்று நிர்ணயிப்பது அந்த வேன்தான் என்பதே காரணம்.

வீட்டு வசதித் திட்டப் பணி ஒன்றைப் பார்வையிடச் சென்ற மாலை நேரத்தில், அவ்வூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழிக் கூடு ஒன்றைக் கண்டோம். பதினான்கு கோழிகளும் ஒரு சேவலும் அதில் அடைந்திருந்தன. கூட்டின் அடியில் பெருச்சாளி வளைகள் மூன்று. உள்ளே தரை ஈரம் கோத்து, கண்ணைக் கரிக்கும் நெடி வீசியது. வீட்டுக்காரப் பெண்மணி கம்பெனியிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அவருடைய மாமியார் தம் குறைகளைச் சொன்னார். முட்டைகள் தோல் முட்டையாக விழுகின்றன, கோழிகள் கழிகின்றன, மூடை தீவனம் மூன்று வாரங்கூட வருவதில்லை. வைத்தியம் பார்த்தும் குணமில்லை. இரவில் மருமகள் வந்ததும் முதல் வேலையாகத் தவிட்டில் பிசைந்த தீனி ஒரு வட்டிலும், தண்ணீர் ஒரு சட்டியும் கூட்டினுள் வைத்துவிட்டுத்தான் கைகால் கழுவச் செல்வாராம்.

இரவு வைக்கும் தீனியை நிறுத்திப் பார்க்கலாமே என்று நாம் சொன்னபோது அந்த அம்மையாருக்குச் சம்மதமில்லை. “வாயில்லாச் சீவனை வெறும் வயித்தோட அடைக்கலாமுங்களா? நாம மட்டும் தின்னுட்டுப் படுக்கறோமுங்களே” என்றார். அந்த இரக்கத்தை நாம் மதிக்கிறோம். அவர் கேட்டதும் நியாயமான கேள்வியே. ஆனால் அவ்வட்டிலில் வைத்த தீனியைத் தின்றது யார் என்பதை அவர் பார்த்ததில்லை.

அதைப் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. இரவில் வட்டிலை வைத்தபின், அதைச் சுற்றிச் சலித்த அடுப்புச் சாம்பலை ஒரு முழ அகலத்துக்கு மெல்லிதாகத் தூவிவிடுதல் வேண்டும். கோழிகள் பரணில் அமர்ந்ததும் இரண்டு மூன்று கோழிகளின் கழுத்தடியில், மார்பின் வலப்புறம், விரல்களால் தொட்டுப் பார்த்து நினைவில் கொள்ள வேண்டும். மறுநாள் விடியுமுன், கோழிகள் இறங்குவதற்கு முன்பே, மீண்டும் தொட்டுப் பார்த்துச் சாம்பலையும் நோக்க வேண்டும். அவ்வீட்டில் மறுநாள் நடந்தது இதுதான்: வட்டிலில் மணி ஒன்றும் மீதமில்லை. கோழிகளின் தீனிப்பையோ சப்பையாக இருந்தது. சாம்பலின்மேல் எலிக் கால்தடங்களும் வால் இழுத்த கோடுகளும் கோலம் போட்டாற்போல் கிடந்தன. கோழியின் கால்தடம் ஒன்றேனும் இல்லை. மூடைத் தீவனம் சென்ற வழி விளங்கிவிட்டது.

கோழி ஏன் இரவில் தின்பதில்லை?

கோழியின் கண் பகலுக்கென்று அமைந்த கண். நிறங்களைப் பிரித்தறிவதில் அது மனிதக் கண்ணையும் விஞ்சியது. ஆனால் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் அணுக்கள் அதன் விழித்திரையில் குறைவு. பொழுது மங்கத் தொடங்கியதும் அது தானே கூடு நாடி வருவதும், இருட்டில் கையால் பிடித்தாலும் ஓடாமல் இருப்பதும் இதனால்தான். ஆந்தையைப் போல் இருளில் இரை தேடும் பறவையன்று. இருண்ட கூட்டில் பரணைவிட்டு இறங்கி வட்டிலைக் கண்டுபிடித்துத் தின்னும் வழக்கம் அதற்கு இல்லை, தண்ணீரும் அப்படியே.

ஆயின் பன்னிரண்டு மணி நேரம் அது பட்டினி கிடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கழுத்தடியில் உள்ள தீனிப்பை இயற்கை அதற்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்று மூட்டை. அடைவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் கோழி மும்முரமாக மேயும். நாளெல்லாம் அலட்சியமாகக் கொத்தித் திரிந்த கோழியும் அவ்வேளையில் விழுந்து விழுந்து பொறுக்குவதைக் கொல்லைப்புறத்தில் எவரும் காணலாம். அந்தத் தானியம் தீனிப்பையில் ஊறி, சிறிது சிறிதாகக் கீழிறங்கி, அரைவைப்பையில் கற்களோடு அரைபட்டு, இரவு முழுவதும் உணவாகிறது. முழுத் தானியமானால் மெல்லக் கரையும். மாவுத் தீனியானால் விரைவில் இறங்கிவிடும். நம் பாட்டிமார்கள் சாயங்காலத்தில் கம்பையோ சோளத்தையோ முற்றத்தில் இறைத்து, ‘பா… பா…’ என்று அழைத்துக் கோழியை அடைத்தது வெறும் வழக்கமன்று. கோழியின் உடலமைப்புக்கு முற்றிலும் ஒத்த முறை. ஆகவே மாமியார் அஞ்சியபடி கோழியை வெறும் வயிற்றோடு அடைக்கக் கூடாது என்பது சரியே. வயிற்றை நிரப்ப வேண்டியது அடைந்த பின்னர் அன்று, அடைவதற்கு முன்னர்.

இங்கு ஒரு விவரத்தைக் குறிப்பிட வேண்டும். அயல்நாட்டுப் புத்தகங்களில் இரவில் தீனி வைப்பது பற்றிப் பல மாதிரியான யோசனைகள் காணப்படும். லண்டன் போன்ற இடங்களில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. இரவு பதினாறு மணி நேரம். அங்குள்ளோர் கவலை வேறு. நாம் வாழ்வதோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில். மார்கழி மாதத்திலும் நம் இரவு பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேற்படுவதில்லை. நிறைந்த தீனிப்பையுடன் அடைந்த நாட்டுக் கோழிக்கு அது ஒரு பொருட்டல்ல.

தோல் முட்டையும் மாலைத் தீனியும்

அவ்வீட்டின் இரண்டாவது குறையாகிய தோல் முட்டைக்கு வருவோம். இதில் நம் மக்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. ஒரு முட்டை கோழியின் உடலில் உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் 18 முதல் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே செலவாகிறது. முட்டையிடுவது பெரும்பாலும் காலை வேளையில் ஆதலால், ஓடு கட்டும் வேலையின் பெரும்பகுதி இரவில், கோழி உறங்குகையில் நடைபெறுகிறது. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உள்ளது. அதனை இரவில் குடலிலிருந்து பெற வேண்டும். குடலில் இல்லையேல் தன் எலும்பிலிருந்து எடுக்கிறது கோழி. நாளடைவில் எலும்பும் நலிந்து, ஓடும் மெலிந்துவிடும்.

ஆகவே சுண்ணாம்புச் சத்து தரும் நேரம் மாலையே. நொறுக்கிய கிளிஞ்சலோ, சுண்ணாம்புக்கல் குருணையோ மாலையில் தனி வட்டிலில் வைத்தால், முட்டையிடும் கோழி தன் தேவைக்கேற்பக் கொத்திக் கொள்ளும். துவரம்பருப்பளவு குருணையாக இருத்தல் நலம். அது அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கரையும். மாவாயின் உடனே கடந்து போய்விடும். இவை இரண்டும் கிடையாதெனில், வீட்டில் மீந்த முட்டையோடுகளை வறுத்து அல்லது வெயிலில் நன்கு உலர்த்தி நொறுக்கிக் கொடுக்கலாம். முட்டை வடிவம் தெரியும்படி கொடுத்தால் கோழி தன் முட்டையையே கொத்தித் தின்னப் பழகும். வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பை நேரே கொடுப்போரும் உண்டு. அது வாயையும் குடலையும் வேகவைக்கும். கூடவே கூடாது.

தோல் முட்டைக்குச் சுண்ணாம்புக் குறைவு ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. முதல் ஈற்றுப் பெட்டை சில நாள் தோல் முட்டையிடும். நோய் வந்து தேறிய கோழியும், கோடை வெப்பத்தில் மூச்சிரைக்கும் கோழியும் அவ்வாறு இடும். இரவில் எலியும் பாம்பும் கூட்டினுள் நடமாடுவதால் மிரண்டு பரணிலிருந்து விழும் கோழி, முற்றாத முட்டையை நழுவ விடுவதும் உண்டு. அவ்வீட்டில் இக்கடைசிக் காரணமும் சேர்ந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

வட்டில் அழைக்கும் விருந்தாளிகள்

இரவில் தீனி வைக்கும் கூட்டுக்கு முதலில் வருவது சுண்டெலி, அடுத்தது வீட்டெலி, பின்னர் பெருச்சாளி. எலியைத் தேடிச் சாரைப் பாம்பு வரும். சில வேளை நாகமும் வரும். வந்த பாம்பு குஞ்சையும் முட்டையையும் விடுவதில்லை. விடியற்காலை இருட்டில் கூட்டினுள் கைவிட்டு முட்டை எடுக்கும் பெண்களுக்கு நேரும் ஆபத்தை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. எலியின் சிறுநீர் தீனியில் கலப்பதனால் மனிதருக்கும் நோய் தொற்றும்; எலிக்காய்ச்சல் அவற்றுள் ஒன்று.

அடுத்தது பூஞ்சணம். தவிட்டில் பிசைந்த ஈரத் தீனி ஓர் இரவு கிடந்தாலே புளிக்கத் தொடங்கும். மீந்ததை வழிக்காமல் அதன்மேலேயே மறுநாள் போடுவது நம்மவர் வழக்கம். கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் ‘அஃப்ளடாக்ஸின்’ எனும் நஞ்சை உண்டாக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்நஞ்சே காரணமென ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கண்டனர். கல்லீரலைத் தாக்கும் இந்நஞ்சு வேகவைத்தாலும் எளிதில் அழிவதில்லை. பூஞ்சணம் பூத்த தீனியைக் காயவைத்துப் போடுவோமென்று எண்ணுதல் தவறு.

இரவில் வைக்கும் தண்ணீர்ச் சட்டியால் விளையும் கேடு இதனினும் பெரிது. விடியலில் கோழிகள் முண்டியடித்து இறங்குகையில் சட்டி கவிழும். ஈரமும் எச்சமும் சேர்ந்து அம்மோனியா நெடி எழும். கண்ணும் மூச்சுக் குழலும் புண்ணாகும். இரத்தக் கழிச்சல் நோயைப் பரப்பும் கிருமியின் முட்டைகள் உலர்ந்த தரையில் வலுவற்றுக் கிடக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோய் உண்டாக்கும் பக்குவம் அடைந்துவிடும். அதில் முதலில் மடிபவை குஞ்சுகளே. அவிநாசிபாளையத்து வீட்டில் கழிச்சலுக்கு மருந்து வாங்கிய பணம் வீணானதற்குக் காரணம், மருந்து கொடுத்த அன்றும் கூட்டில் சட்டி இருந்ததே.

கறிக்கோழிப் பண்ணையைப் பார்த்துப் பழகியது

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். பல்லடம், பொங்கலூர், உடுமலைப்பேட்டை வட்டாரம் கறிக்கோழி உற்பத்திக்குப் பெயர் பெற்றது. 1990-களில் ஒப்பந்த முறை பரவிய பிறகு, தோட்டத்துக்குத் தோட்டம் நீண்ட கொட்டகைகள் எழுந்தன. அக்கொட்டகைகளில் இரவிலும் விளக்கு எரியும். தீனியும் தண்ணீரும் எந்நேரமும் கோழியின் முன் நிற்கும். அங்கு வேலை செய்து பழகியோர், வீட்டுக் கோழிக்கும் அவ்வாறே செய்தால் நன்கு வளருமென நம்புகின்றனர்.

அவ்வொப்புமை பொருந்தாது. கறிக்கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை காணும்படி இனவிருத்தி செய்யப்பட்ட பறவை. அதற்கு இரவு என்பது பெயரளவுக்கே. விளக்கு எரிவதால் அது பார்க்கிறது, பார்ப்பதால் தின்கிறது. விளக்கில்லாக் கூட்டில் தீனி மட்டும் வைப்பது, மின்சாரம் இல்லாத வீட்டில் விசிறியை மட்டும் மாட்டி வைப்பதை ஒக்கும். நாட்டுக் கோழியோ ஆண்டுக்கு அறுபது, எண்பது முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ந்து, ஐந்தாறு மாதத்தில் விற்பனை எடையை அடைவது. வீட்டுக் கோழிக்கும் விளக்குப் போடலாமே எனச் சிலர் கேட்பர். முட்டைக்கோழிப் பண்ணைகளில் பகலொளியோடு சேர்த்து 16 மணி நேரம் வரை ஒளி தருவது உண்மை. ஆனால் அதற்கேற்ற சமச்சீர்த் தீவனமும் தந்தால்தான் பயன். மேய்ச்சலை நம்பிய கோழிக்கு விளக்கு மட்டும் போட்டால் உடல்தான் கெடும். மேலும், இரவில் திடீரென விளக்கை அணைத்தால் கீழே நிற்கும் கோழிகள் பரண் ஏற இயலாமல் மூலையில் குவிந்து, அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி மாண்டுபோம்.

விதிவிலக்குகள்

எல்லாக் கோழிக்கும் இரவில் தீனியும் தண்ணீரும் வேண்டாம் என்று நாம் சொன்னதாக எவரும் கொள்ளலாகாது. தாயில்லாமல், விளக்குச் சூட்டில் வளரும் குஞ்சுகளுக்கு முதல் மூன்று நான்கு வாரம் இரவிலும் இரண்டும் வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சின் மட்டத்தில் 95 பாரன்ஹீட் பாகை வெப்பம் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 பாகை வீதம் குறைக்கலாம். அவ்வெப்பத்தில் தண்ணீரின்றி ஓரிரவு கிடந்தால் குஞ்சு வதங்கிவிடும். தண்ணீர்த் தட்டு ஆழமின்றி இருத்தல் வேண்டும்; அதில் கூழாங்கற்களைப் பரப்பினால் குஞ்சு விழுந்து முழுகாது. அரசுத் திட்டங்களின்கீழ் குஞ்சுகள் பெறும் சகோதரிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தாய்க் கோழியின் இறகடியில் உறங்கும் குஞ்சுகளுக்கோ இது தேவையில்லை. கொடாப்பைக் கவிழ்த்துக் காற்று வர இடம்விட்டு மூடினால் போதும்.

அடைகாக்கும் கோழி இருபத்தொரு நாளும் தவம் கிடப்பது. நாளுக்கு ஒரு முறை, கால் மணி நேரம்போல் இறங்கித் தின்று, குடித்து, எச்சமிட்டுத் திரும்பும். அதற்குப் பெட்டிக்கு இரண்டு முழம் தள்ளித் தானியமும் தண்ணீரும் பகலில் வைத்தல் நலம். இறங்க மறுக்கும் கோழியை விடியலில் மெல்லத் தூக்கி வெளியில் விட வேண்டும். வேனுக்குச் செல்லும் அவசரத்தில் இதனை மறந்தால் கோழி இளைத்து, முட்டையின்மேலேயே எச்சமிட்டு, அடையே கெடும்.

சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய் திறந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். தகரக் கூரையும் சிமெண்டுத் தகட்டுக் கூரையும் நடுநிசி வரை அனல் கக்கும். அக்காலத்தில் சட்டி வைப்பதைவிட, கூரைமேல் தென்னங்கீற்று வேய்வதும், இருபக்கமும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்துக் காற்றோட்டம் விடுவதும் பயன் தரும். கூடு விசாலமாயின், இரண்டு செங்கல் உயரத்தில், கவிழாத குறுகிய வாயுள்ள குவளையில் தண்ணீர் வைக்கலாம். விடிந்ததும் அது கைக்கெட்டும் நீராக இருக்கும். ஏனெனில் கோழி எழுந்தவுடன் தேடுவது தண்ணீரையே. சாதாரண நாளில் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும் கோழி, கடுங்கோடையில் அதைப்போல் இருமடங்கும் குடிக்கும்.

கூட்டை நேரங்கழித்துத் திறக்கும் வீடுகளிலும் இதே ஏற்பாடு வேண்டும். 2024, 2025-ஆம் ஆண்டுகளில் காங்கயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டி ஆடுகளைக் கடித்துக் கொன்றதை யாவரும் அறிவர். அதற்குப் பின், எட்டு ஒன்பது மணி வரை கோழியை வெளியில் விட அஞ்சுவோர் பலர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆறு மணிக்கு விழித்த கோழியை ஒன்பது மணி வரை வறண்ட கூட்டில் வைப்பது இரவுப் பட்டினியைவிடக் கொடிது. அத்தகையோர் கூட்டை ஒட்டி வலையடைத்த சிறு முற்றம் ஒன்று அமைத்து, அதில் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு, விடிந்ததும் இடைக்கதவை மட்டும் திறந்துவிடலாம்.

தண்ணீரின் தன்மையையும் பார்க்க வேண்டும். நொய்யல் படுகையில் சாயக்கழிவால் நேர்ந்த கேட்டையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் இப்பகுதியினர் மறக்கவில்லை. அது தவிர, ஆழ்குழாய்க் கிணற்றின் இயற்கை உப்பும் பல ஊர்களில் மிகுதி. லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்கு மேல் உப்புக் கரைந்த நீர் கோழிக்கு ஏற்றதன்று. கழிச்சல் காணும், முட்டை குறையும். தாங்கள் வாயில் வைக்கக் கூசும் நீரைக் கோழிக்கு ஊற்றிவிட்டு, கழிச்சலுக்கு மருந்து தேடுவதில் பயனில்லை.

மாலைத் தீனியை யார் வைப்பது?

இதுவே உண்மையான சிக்கல். கோழி ஐந்தரை மணிக்குத் தின்ன வேண்டும். வீட்டுக்காரி வருவது ஒன்பது மணிக்கு. ‘உரிய நேரத்தில் தீனியிடுக’ என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டுவிடுவது எமக்கு எளிது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவருக்கு அது உதவாது. நாம் அவ்வூரில் வீடு வீடாகப் பார்த்ததில், சமாளிக்கும் குடும்பங்கள் பலவாறு சமாளிக்கின்றன. ஒரு வீட்டில் பள்ளி விட்டு வரும் சிறுமி புத்தகப் பையை வைத்ததும் ஒரு படி சோளத்தை இறைத்துவிடுகிறாள்; அதற்கென்று வாரம் ஒரு முட்டை விற்ற காசு அவளுக்குச் சேர்கிறதாம். வேறொரு வீட்டில் அடுத்த வீட்டு மூதாட்டி இரு வீட்டுக் கோழிக்கும் சேர்த்துத் தீனியிட்டு அடைக்கிறார். யாருமற்ற வீட்டில் பிளாஸ்டிக் குழாயை வளைத்துத் தீனிக் கலமாக்கி, முற்றத்துச் சுவரில் சார்ப்பின்கீழ் கட்டியிருந்தனர். காலையில் நிரப்பினால் மாலையில் கோழி தானே நிரம்பத் தின்று அடைகிறது. இரவு வந்தவுடன் குழாயின் வாயை மூடியிட்டு மூட வேண்டும். அணிலும் காகமும் பங்கு கேட்கும் என்பதொன்றே இதில் நட்டம்.

மேய்ச்சலுள்ள கோழிக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் மேல்தீனி போதும். அதில் பாதியை மாலைக்கு ஒதுக்குக. காலையில் மாவுத் தீனி, கீரைக் கழிவு, அசோலா எது வேண்டுமாயினும் தரலாம். மாலையில் முழுத் தானியமே சிறந்தது. அடைத்தபின், பரணில் ஒரு கோழிக்கு எட்டு அங்குல இடம் உளதா எனவும், தீனிப்பை உருண்டிருக்கிறதா எனவும் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒன்பது மணிக்கு வருபவரும் இதைச் செய்யலாம். மாலையில் நிறைந்திருந்த தீனிப்பை விடியலிலும் கல்லாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அடைப்பு என அறிக.

அடைப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. பனியன் வெட்டுத் துணிக் கழிவு இவ்வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பதால், அதைக் கூட்டிலும் முட்டைப் பெட்டியிலும் பரப்புகின்றனர். நூல் பிரிந்து கால் விரலைச் சுற்றி இறுக்கி, விரல் கறுத்து உதிர்ந்த கோழிகளைக் கண்டோம். நூலை விழுங்கினால் தீனிப்பையில் முடிச்சாகத் தங்கிவிடும். வைக்கோல், நெல் உமி, தேங்காய் நார்த்தூள் இவற்றுள் ஒன்றே போதுமானது.

வெள்ளைக் கழிச்சலும் விடியற்காலைத் தாகமும்

இரவில் தண்ணீர் வைக்காமையால் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. நாட்டுக் கோழியைக் கூட்டம் கூட்டமாக வாரிச் செல்லும் வெள்ளைக் கழிச்சல், 1920-களின் இறுதியில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் அவ்வூரின் பெயராலேயே இந்தியாவில் வழங்குகிறது. வந்தபின் மருந்தில்லை; தடுப்பு ஒன்றே வழி. எட்டு வாரம் கடந்த கோழிகளுக்குக் கால்நடை பராமரிப்புத் துறையினர் பிப்ரவரி மாதம் இருவார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போடுகின்றனர். இளங்குஞ்சுகளுக்கான லசோட்டா மருந்தைக் குடிநீரில் கலந்தும் தரலாம். தாகமுள்ள கோழி அந்நீரை விரைவில் குடிக்கும். ஆதலின் விடியற்காலையே உகந்த வேளை. இரவில் சட்டி வைக்காத, விளக்கில்லாக் கூட்டில் இத்தாகம் தானே அமைந்திருக்கும். குளோரின் கலந்த குழாய் நீர் கூடாது. கிணற்று நீரில் கொழுப்பு நீக்கிய பால்பொடி சிறிது கலந்து, உலோகமல்லாத பாத்திரத்தில், வெயில் ஏறுமுன் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவே ஊற்றுதல் வேண்டும். கோழிகள் மாலையில் அடைந்திருக்கும் நேரமே ஊசி போடவும் எண்ணிக்கை எடுக்கவும் வசதியானது என்பதையும், முகாம் நாளன்று கூட்டைத் திறக்காமல் வைத்திருந்தால் மருத்துவக் குழுவினர் கோழி துரத்தும் வேலை மிச்சமாகும் என்பதையும் ஊராட்சித் தலைவர்கள் முன்கூட்டியே அறிவித்தல் நலம்.

அவிநாசிபாளையத்து வீட்டுக்கு ஆறு வாரம் கழித்து மீண்டும் சென்றோம். வளைகளில் கண்ணாடித் துண்டும் களிமண்ணும் அடைத்திருந்தனர், கூடு நான்கு செங்கல் உயரத்தில் நின்றது, தரை உலர்ந்திருந்தது. தோல் முட்டை இரண்டு வாரமாக இல்லை என்றார் மாமியார். மூடைத் தீவனம் இன்னும் தீரவில்லையாம். ஒரு பெட்டையை மட்டும் பெருச்சாளி காலில் கடித்துவிட்டது. அதற்கு மஞ்சள் பற்றிட்டுத் தனியே கொடாப்பில் வைத்திருந்தார். அதன் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. “இது நோவாளிங்க, இதுக்கு மட்டும் வெச்சிருக்கறனுங்க” என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நோயுற்ற கோழிக்கு, விளக்கு வெளிச்சம் படும் இடத்தில், இரவிலும் நீர் வைக்கலாம் என்று நாம் கூறினோம்.